ஆறரை டிஜிட்டால் ஆகாதவை

"டிஜிட் கூடினா ஆக்குரசி கூடும் சார்." ஓசூருக்குச் சோதனைக் கருவி விற்க வருகிறவர்கள் இதைச் சொல்லாமல் பையைத் திறப்பதில்லை. தமிழில் சொல்வார்கள். அத்திப்பள்ளி தாண்டி வந்தவர்கள் கன்னடத்தில் சொல்வார்கள். வாங்குகிறவர் பாகலூர் பக்கத்துக்காரர் என்று தெரிந்தால் தெலுங்கிலும் சொல்வார்கள். ஓட்டல் அரங்குகளில் நடக்கும் விளக்கக் கூட்டங்களில் முதல் ஸ்லைடே இதுதான். அடுத்த ஸ்லைடில் அதன் நீட்சி வரும்: ஆறரை டிஜிட் பெஞ்ச் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி, ரீடிங்குகளைத் தானாகப் பதிவு செய்யும் லாகிங்கை ஓடவிட்டுவிட்டால் போதும், ரிஜெக்‌ஷன் குறையும், வாடிக்கையாளர் ஆடிட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பல வருடங்களாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வருவது சொல்கிறவர்மேல் மட்டும் இல்லை. பெரிய கம்பெனிகளுக்கு இந்தப் பேச்சால் நட்டமில்லை. அவர்களிடம் அளவியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். இதை நம்பிப் பணத்தைப் போடுகிறவர்கள் சிட்கோ எஸ்டேட்டிலும் மூக்கண்டப்பள்ளிச் சந்துகளிலும் ஒரு ஷெட், இரண்டு ஷெட் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர்கள். பெயர்பெற்ற ஆறரை டிஜிட் மீட்டர் ஒன்று லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. வங்கிக் கடனில் வாங்குகிற லட்சம் அது.

அவர்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஊர் 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் உற்பத்தியைத் தொடங்கியபோது இயந்திர வேலையில் வளர்ந்த ஊர். இங்கே இரண்டு தலைமுறை வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் கை பழகியது. அந்தக் கருவிகளில் லீஸ்ட் கவுன்ட் குறையக் குறைய அளவும் நுணுக்கமாகிறது. கண்ணால் பார்த்த அனுபவம். இப்போது ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, கிருஷ்ணகிரியில் டெல்டா என்று மாவட்டம் முழுக்க மின்வாகனமும் மின்னணுவும் வந்துவிட்டன. நேற்று வரை புஷ் கடைந்தவரிடம் இன்று மில்லி ஓமும் மைக்ரோ ஆம்பியரும் கேட்கிறார்கள். அவர் பழைய அனுபவத்தைப் புதிய கருவிக்குப் பொருத்திப் பார்க்கிறார். அந்த இடத்தில்தான் விற்பனைப் பேச்சு உள்ளே நுழைகிறது.

முதலில் டிஜிட் கணக்கு. ஆறரை டிஜிட் என்பது திரையில் எத்தனை எண் தெரியும் என்பதைச் சொல்கிறது. அவற்றில் எத்தனையை நம்பலாம் என்பதைச் சொல்வதில்லை. வெளியே போய் ஆதாரம் தேட வேண்டாம், ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் இருக்கிறது. கீசைட்டின் 34460ஏ, 34461ஏ இரண்டுமே ஆறரை டிஜிட். 10 வோல்ட் ரேஞ்சில் 34461ஏயின் ஒரு வருடத் துல்லியம், ரீடிங்கில் 0.0035 சதவீதம், அதோடு ரேஞ்சில் 0.0005 சதவீதம். 34460ஏக்கு அதே இடத்தில் 0.0075 சதவீதம், 0.0005 சதவீதம். 3.2 வோல்ட் இருக்கிற ஒரு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லை அளந்தால் முதல் மீட்டர் 162 மைக்ரோ வோல்ட் வரை தப்பலாம், இரண்டாவது 290 மைக்ரோ வோல்ட் வரை தப்பலாம். திரையின் கடைசி எண்ணோ 10 மைக்ரோ வோல்ட்டைக் காட்டுகிறது. ஒன்றில் 16 படி, இன்னொன்றில் 29 படி ஐயம். எண்களின் எண்ணிக்கை ஒன்று, பிழை ஏறத்தாழ இரண்டு மடங்கு. "டிஜிட் கூடினால்" என்ற வாசகம் இந்த இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்த நிமிடமே செத்துவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காவது அதிக டிஜிட் உதவுமே என்பார்கள். உதவும். ஆனால் செல்களை மில்லி வோல்ட் கணக்கில் தரம் பிரிக்கிறவருக்கு நல்ல ஐந்தரை டிஜிட் மீட்டரே அந்த உதவியைச் செய்துவிடும்.

அடுத்தது வெயில். மேலே சொன்ன துல்லியமெல்லாம் 23 டிகிரி, கூடக் குறைய 5 டிகிரி என்ற எல்லைக்குள்தான். அதாவது 28 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் தனியாகப் பிழை சேரும். 34461ஏக்கு டிகிரி ஒன்றுக்கு ரீடிங்கில் 0.0005 சதவீதம், ரேஞ்சில் 0.0001 சதவீதம். ஓசூர் குளிர்ந்த ஊர் என்ற பெயர் சித்திரை மாதத் தகரக் கூரைக்குத் தெரியாது. ஷெட்டுக்குள் 36 டிகிரி என்று வையுங்கள். எட்டு டிகிரிக்கு அதே 3.2 வோல்ட் செல்லில் கூடுதலாக 208 மைக்ரோ வோல்ட். மொத்தம் 370. குளிரூட்டிய அறையில் இருக்கும் விலை குறைந்த 34460ஏ இதைவிட நன்றாக அளக்கும். கொட்டேஷனில் ஏசி இயந்திரத்துக்கு ஒரு வரி போட்ட டீலரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மீட்டரைப் போட்ட உடனே அளக்கக் கூடாது, ஒரு மணி நேரம் சூடேறவிட வேண்டும் என்று இதே வகையைச் சேர்ந்த பழைய 34401ஏயின் கையேடு சொல்கிறது. காலை ஷிப்டில் எட்டு மணிக்கு ஆன் செய்து எட்டே காலுக்கு முதல் பேட்ச் பாஸ் போடுகிற இடங்களில் இந்த வரியை யாரும் வாசித்ததில்லை.

இதுவரை சொன்னது வோல்ட்டேஜ். இந்த மீட்டர்கள் மிக நன்றாகச் செய்கிற வேலை அது. நிஜமான சிக்கல் கரன்ட்டில் இருக்கிறது. என்னை எழுத வைத்ததும் அதுதான்.

ஓசூருக்கு மைக்ரோ ஆம்பியர் புதிதல்ல. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், தன் கடிகாரத் தொழிற்சாலையை இங்கேதான் அமைத்தது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் உள்ளே விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகம். அதை எண்ணி விநாடிக்கு ஒருமுறை மோட்டாரைத் தட்டிவிடும் ஒரு சிப். ஒன்றரை வோல்ட் பட்டன் செல்லில் அது வருடக் கணக்கில் ஓட வேண்டுமென்றால், இழுக்கிற சராசரிக் கரன்ட் ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். பட்டன் செல்லை நம்பி வாழும் எந்தப் பொருளுக்கும், தூங்குகிற நிலையில் இருக்கும் பிஎம்எஸ் என்ற பேட்டரி மேலாண்மை போர்டுக்கும் இதே விதமான கணக்கு.

இதை ஆறரை டிஜிட் மீட்டரின் கரன்ட் டெர்மினலில் மாட்டிப் பாருங்கள். 1991இல் ஹெவ்லெட் பேக்கார்ட் வெளியிட்ட 34401ஏ இன்றும் பல பட்டறைகளில் செகண்ட் ஹேண்டாக ஓடுகிறது; ஆறரை டிஜிட் என்றால் பலருக்கு மனதில் வரும் முகம் அதுதான். அதில் மிகச் சிறிய டிசி கரன்ட் ரேஞ்ச் 10 மில்லி ஆம்பியர். திரை 10 நானோ ஆம்பியர் வரை பிரித்துக் காட்டும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ரேஞ்சின் ஒரு வருடத் துல்லியத்தில் ரேஞ்சுக்கான பங்கு மட்டும் 0.02 சதவீதம். 10 மில்லி ஆம்பியரில் 0.02 சதவீதம் என்றால் 2 மைக்ரோ ஆம்பியர். நீங்கள் அளக்கப் போவது 1 மைக்ரோ ஆம்பியர். அளக்கிற பொருளைப்போல இரண்டு மடங்கு பிழையை வைத்துக்கொண்டு, அந்தப் பொருளை நூறு பங்காகப் பிரித்துக் காட்டுகிற திரை அது. "இவ்வளவு டிஜிட் தெரியுதே சார்" என்று ஒரு இளைஞர் அதை நம்பி பாஸ், ஃபெயில் போடுகிறார். அவர் தப்பு இல்லை. டிஜிட்தான் துல்லியம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

34461ஏயில் 100 மைக்ரோ ஆம்பியர் ரேஞ்ச் வந்தது. அங்கே ரேஞ்சுக்கான பிழை 25 நானோ ஆம்பியர். ஒரு மைக்ரோ ஆம்பியரில் அது இரண்டரை சதவீதம், பொறுத்துக்கொள்ளலாம். முன்னேற்றம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். டிஜிட் ஆறரையிலேயே நின்றது. மாறியது உள்ளே இருக்கிற ரேஞ்சும், கரன்ட்டை வோல்ட்டேஜாக மாற்றும் ஷன்ட் என்ற மின்தடையும்.

புது மீட்டர் வாங்காமலும் இதைச் செய்யலாம். செல்லுக்கும் கடிகார மூவ்மென்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. நல்ல மெட்டல் ஃபிலிம் வகை. மூவ்மென்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய மின்தேக்கி, கசிவு குறைந்ததாகப் பார்த்துப் போட வேண்டும். இல்லையென்றால் தேக்கியின் கசிவையே கடிகாரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். மோட்டார் தட்டுகிற கணத்தில் கரன்ட் சராசரியைப்போலப் பல நூறு மடங்கு பாயும். அதைத் தேக்கி கொடுத்துவிடும், ரெசிஸ்டர் வழியாகச் சராசரி மட்டும் நிதானமாக ஓடும். இப்போது ரெசிஸ்டருக்குக் குறுக்கே வோல்ட்டேஜ் பாருங்கள். ஒரு மைக்ரோ ஆம்பியருக்கு 10 மில்லி வோல்ட். 34401ஏயின் 100 மில்லி வோல்ட் ரேஞ்சில் ரேஞ்சுக்கான பிழை 3.5 மைக்ரோ வோல்ட். கரன்ட்டாக மாற்றினால் ஒரு நானோ ஆம்பியரிலும் பாதிக்குக் குறைவு. அதே பழைய மீட்டர். 2 மைக்ரோ ஆம்பியர் பிழை எங்கே, இது எங்கே? இனி பெரிய பிழை ரெசிஸ்டரின் டாலரன்ஸும் தேக்கியின் கசிவும்தான். இரண்டையும் தனியாக அளந்து கழித்துவிடலாம். டீலரின் ஸ்லைடில் இது வராது, ஏனென்றால் ரெசிஸ்டரும் தேக்கியும் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் ஆகும்.

இங்கேதான் லாகிங்கும் வருகிறது. "ஓவர்நைட் லாகிங் போட்டுடுங்க, கர்வ் வந்துடும்" என்பார்கள். வரும், எந்தக் கர்வ் வரும் என்பதுதான் கேள்வி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுழற்சி 20 மில்லி விநாடி. இரைச்சல் குறைய வேண்டும் என்று 10 சுழற்சி சராசரி வைத்தால் மீட்டர் ஒரு ரீடிங்குக்கு 200 மில்லி விநாடி கண் திறந்திருக்கும். ஆட்டோ ஜீரோ போட்டிருந்தால் தன்னைத் தானே சரிபார்க்க இன்னொரு 200 போகும். விநாடிக்கு ஒரு ரீடிங் என்று வைத்தால் மீதி 600 மில்லி விநாடி அது எதையும் பார்ப்பதில்லை. கடிகாரமோ விநாடிக்கு ஒருமுறை, சில மில்லி விநாடி மட்டும் துடிக்கிறது. தேக்கி போடாமல் நேராக மாட்டினால் என்ன ஆகும்? துடிப்பு அந்த 200க்குள் விழுந்தால் ஒவ்வொரு ரீடிங்கிலும் விழும், வெளியே விழுந்தால் ஒன்றிலும் விழாது. மீட்டரின் கடிகாரமும் சோதிக்கப்படும் கடிகாரமும் இம்மியளவு வேறுபடுவதால் துடிப்பு மெல்ல மெல்ல நகர்ந்து உள்ளே வரும், பிறகு வெளியே போகும். காலையில் பார்த்தால் கரன்ட் ராத்திரியெல்லாம் ஏறி இறங்கியதாக அருமையான கர்வ். அதைக் காட்டி, வெப்பநிலையால் சிப் மாறுகிறது என்று அறிக்கை எழுதிவிடலாம். ஒன்றுமே மாறியிருக்காது.

டிஜிட்டைக் கூட்டினால் இது சரியாகாது. மெமரியைக் கூட்டினாலும் ஆகாது. ரீடிங் எப்போது எடுக்கப்படுகிறது, எவ்வளவு நேரம் எடுக்கப்படுகிறது, நடுவில் எவ்வளவு நேரம் பார்க்காமல் விடப்படுகிறது என்ற மூன்றும் தெரிந்தவர் கையில்தான் லாகிங் வேலை செய்யும். பிஎம்எஸ் போர்டிலும் இதுவே கதை. அது தூக்கத்திலிருந்து இடையிடையே விழித்து செல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கும். ஆட்டோ ரேஞ்சில் விட்டால், விழிக்கிற கணத்தில் மீட்டர் சின்ன ரேஞ்சின் பெரிய ஷன்ட்டோடு நிற்கும். வோல்ட்டேஜ் சரிந்து போர்டே ரீசெட் ஆகும். பிறகு போர்டைத் திட்டிக்கொண்டே அதைச் சப்ளையருக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

மெமரிப் பெருமைக்கு ஒரு வாய்ப்பாடு போதும். விநாடிக்கு ஒரு ரீடிங் என்றால் 34401ஏயின் 512 ரீடிங் எட்டரை நிமிடத்தில் நிரம்பும். 34461ஏயின் 10,000 ரீடிங் இரண்டே முக்கால் மணி நேரம். 34465ஏயின் 50,000 என்றால்தான் ஒரு பன்னிரண்டு மணி நேர ஷிப்டைத் தாண்டும். கீத்லியின் டிஎம்எம்6500 எழுபது லட்சம் ரீடிங் வரை வைத்துக்கொள்ளும். அதை எங்கே யார் உட்கார்ந்து பார்ப்பது என்பதற்கு அந்தக் கம்பெனியிடம் பதில் இருக்கலாம், ஷெட்டில் இருக்கிற ஒரே குவாலிட்டி பையனிடம் இல்லை. இதைவிட முக்கியம், கரன்ட் போனால் என்ன ஆகும் என்பது. பெரும்பாலான பெஞ்ச் மீட்டர்களில் ரீடிங் மெமரி மின்சாரம் போனதும் அழிந்துவிடும். பென் டிரைவுக்கோ கம்ப்யூட்டருக்கோ உடனுக்குடன் எழுதாவிட்டால் ராத்திரி ரெண்டு மணிப் பவர்கட்டோடு எல்லாம் போச்சு. யூபிஎஸ் இல்லாத பெஞ்சில் லாகிங் மீட்டர் விற்பதை நான் நேர்மையான விற்பனை என்று சொல்ல மாட்டேன்.

வெல்டிங் ரெசிஸ்டன்ஸுக்கும் ஆறரை டிஜிட் போதும் என்று ஒரு பேச்சு. பேட்டரி பேக்கில் நிக்கல் பட்டையை ஒட்டுகிற ஸ்பாட் வெல்டில் 0.1 மில்லி ஓம் என்று வையுங்கள். 34401ஏயின் 100 ஓம் ரேஞ்சில், நாலு ஒயர் போட்டாலும், ரேஞ்சுக்கான பிழையே 4 மில்லி ஓம். அந்த ரேஞ்சில் மீட்டர் அனுப்புகிற கரன்ட் 1 மில்லி ஆம்பியர்தான். 0.1 மில்லி ஓமில் அது 0.1 மைக்ரோ வோல்ட் தரும். செம்பும் ஈயப்பற்றும் சேருமிடத்தில் ஒரு டிகிரி வெப்பவேறுபாடு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வோல்ட்டேஜ் கிளப்பிவிடும். கிளிப்பை விரலால் பிடித்துக்கொண்டு அளந்தால் உங்கள் விரல் சூட்டைத்தான் அளக்கிறீர்கள். இதற்கென்று மைக்ரோ ஓம் மீட்டர் இருக்கிறது. செல்லின் உள் ரெசிஸ்டன்ஸுக்கு 1 கிலோ ஹெர்ட்ஸ் ஏசியில் அளக்கும் தனி மீட்டர் இருக்கிறது. இரண்டிலும் ஆறரை டிஜிட் வேண்டியதில்லை.

பேக் சார்ஜ், டிஸ்சார்ஜ் சோதனையில் 34401ஏயின் 3 ஆம்பியர் டெர்மினல் உதவாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஷன்ட் போடுவார்கள். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 75 மில்லி வோல்ட், கிளாஸ் 0.5. அந்த 75 மில்லி வோல்ட்டை 34401ஏ ஏறத்தாழ 0.01 சதவீதத்துக்குள் அளக்கும். ஷன்ட் அரை சதவீதம் தப்பலாம். ஐம்பது மடங்கு. 50 ஆம்பியரில் கால் ஆம்பியர். லட்ச ரூபாய் மீட்டரின் துல்லியம் அந்தப் பித்தளைக் கட்டையில் முடிந்துபோகிறது.

சின்னப் பொய் ஒன்று மிச்சமிருக்கிறது: எந்த இடத்தில் வைத்தாலும் மீட்டர் சர்க்யூட்டைத் தொந்தரவு செய்யாது என்பது. பல பெஞ்ச் மீட்டர்கள் ஆன் செய்ததும் 10 மெகா ஓம் இன்புட்டில்தான் எழும். வெளியீட்டு மின்தடை 1 மெகா ஓம் உள்ள டிவைடரின் முனையில் வைத்தால் ரீடிங் ஒன்பது சதவீதம் குறையும், ஏழு எண்ணும் திரையில் அசையாமல் நிற்க. 10 கிகா ஓமுக்கு மாற்ற மெனுவில் வழி உண்டு. ஓட்டல் அரங்கில் அந்த மெனுவைத் திறந்து காட்டியவர் யாரும் இல்லை.

சீன மீட்டரெல்லாம் குப்பை என்கிறார்கள். ரிகோலும் சிக்லென்ட்டும் துல்லிய அட்டவணையை வெளியிடுகின்றன, வாசித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஸ்டிக்கர். காலிபரேஷன் ஆகிவிட்டது, என்ஏபிஎல் சர்டிபிகேட் இருக்கிறது, அப்புறம் என்ன என்கிறார்கள். அந்தத் தாள், டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகும் சங்கிலியில் உங்கள் மீட்டரைக் கோக்கிறது. அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் அது சொல்வது, அந்த ஆய்வகத்தின் அறையில், அன்றைய தேதியில், அந்தச் சில புள்ளிகளில் மீட்டர் எவ்வளவு விலகியது என்பதை மட்டும். பல சமயம் விலகலைத் திருத்தியிருக்கவும் மாட்டார்கள், எழுதிக் கொடுத்திருப்பார்கள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, நீங்கள் தினமும் அளக்கிற ரேஞ்சை அவர்கள் தொட்டார்களா என்று பாருங்கள். 10 வோல்ட்டில் காலிபரேட் செய்த மீட்டரில் மைக்ரோ ஆம்பியர் அளந்து பாஸ் போடுகிற பெஞ்சுகளை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன்.

இந்த வாசகம் உயிரோடு இருப்பதற்கு டீலர்கள் மட்டும் காரணமில்லை. பெரிய கம்பெனிகள் சப்ளையருக்கு அனுப்புகிற ஆடிட் படிவத்தில் "மல்டிமீட்டர்: ஆறரை டிஜிட், ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்காகத்தான் கடன் வாங்குகிறார்கள். அதை எடுத்துவிட்டு, "எந்த அளவு, எந்த ரேஞ்ச், ஷன்ட்டும் ஷெட்டின் வெப்பநிலையும் சேர்த்து மொத்தப் பிழை எவ்வளவு" என்று கேட்கச் சொல்லி ஓசூர் சிறு, குறுந்தொழில் சங்கமான ஹோஸ்டியா அந்தக் கம்பெனிகளுக்கு எழுத வேண்டும். வாங்குகிறவரும் பர்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் டீலரிடம் இதே கணக்கை, 36 டிகிரிக்கு, பேப்பரில் போட்டுக் கேட்கலாம்.